திரையில் தெரியும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கையில் தொலைபேசி ஒலித்தால் அதை எடுக்காமல் இருக்க இயலாது. மதுரையில் எடுத்த ஸ்கேனின் முடிவு வந்துவிட்டதோ, இரத்தம் தர ஒப்புக்கொண்டவர் வத்தலக்குண்டு வரை வந்துவிட்டாரோ, வார்டில் இருக்கும் அப்பாவுக்கு ஏதேனும் ஆயிற்றோ என்று மனம் முந்திக்கொள்கிறது. அட்டுவம்பட்டி, வில்பட்டி, பள்ளங்கி போன்ற மலையூர்களில் பல வீடுகளுக்குச் சிக்னல் ஒரு சன்னலோரத்தில்தான் கிடைக்கிறது. செல்பேசியும் அங்கேயே கிடக்கிறது. ஒலித்ததும் அடுப்படியிலிருந்து ஓடிவந்து எடுப்பவர், அழைப்பது யார் என்று பார்ப்பதற்குள் பேசத் தொடங்கிவிடுகிறார்.

"அறியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காதீர்கள்" என்னும் அறிவுரையை எல்லாரும் கேட்டிருக்கிறோம். நோயாளியின் குடும்பத்திற்கு அது உதவாது. எங்கள் செவிலியர்களே சில வேளைகளில் நீங்கள் அறியாத ஓர் எண்ணிலிருந்து உங்களை அழைக்க நேரிடுகிறது. மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைத்த மருத்துவமனை எந்த எண்ணிலிருந்து அழைக்கும் என்பதை எங்களாலும் சொல்ல இயலாது. ஆகவே, எடுக்காமல் இருக்க வழியற்றவர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நம் நோயாளிகளுக்கு வரும் விற்பனை அழைப்புகள் பலவகை. சர்க்கரை நோயை மூன்றே மாதத்தில் வேரறுக்கும் பொடி, மூட்டுவலித் தைலம், காத்திருப்புக் காலமே இல்லாத மருத்துவக் காப்பீடு, மருத்துவச் செலவுக்கு உடனடிக் கடன் என்று நீளும் பட்டியல் அது. இவற்றுள் சில வெறும் தொந்தரவு. சிலவோ விற்பனை போலத் தொடங்கிக் கொள்ளையில் முடிகின்றன. இரண்டையும் தொடக்கத்திலேயே பிரித்தறிவது எளிதன்று. ஏனெனில் இரண்டு வகையினரும் தம் சொந்த எண்ணை மறைக்க விரும்புகிறார்கள். திரையில் வங்கியின் எண்ணோ, அரசு அலுவலகத்தின் எண்ணோ, நம் ஊர் எண்ணோ தெரிந்தால் நாம் எடுத்துவிடுவோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வேறொருவரின் எண் நம் திரையில் எவ்வாறு தெரிகிறது என்று பலர் எங்களிடம் வியப்போடு கேட்கிறார்கள். பள்ளியில் கடிதம் எழுதப் பழகிய நாள்களை நினைத்துப் பாருங்கள். முதலில் 'அனுப்புநர்' என்று எழுதினோம். அதன்கீழ் 'பெறுநர்' என்று எழுதினோம். பெறுநர் முகவரி சரியாக இருந்தால் அஞ்சல்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அனுப்புநர் என்ற இடத்தில் ஒருவர் மாவட்ட ஆட்சியரின் முகவரியை எழுதிவைத்திருந்தாலும் அது மெய்யா என்று அஞ்சல்காரர் ஆராய்வதில்லை. தொலைபேசியும் ஏறக்குறைய அப்படித்தான். பெறுநர் எண் தவறினால் அழைப்பு வந்துசேராது. அனுப்புநர் எண்ணோ, அழைப்பு தொடங்கும் இடத்திலிருந்து உடன் அனுப்பப்படும் ஒரு குறிப்பு மட்டுமே.

அக்குறிப்பை மாற்றும் வசதி தீய எண்ணத்தால் பிறந்ததன்று. நூறு மேசைகள் உள்ள ஓர் அலுவலகத்தில் எந்த மேசையிலிருந்து அழைத்தாலும் தலைமை எண் ஒன்றே வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வசதி அது. பெரிய மருத்துவமனைகளும் அதைப் பயன்படுத்துகின்றன. இணையவழித் தொலைபேசி பரவியபின் அவ்வசதி ஏமாற்றுவோர் கைக்கும் போய்விட்டது. கொடைக்கானலின் 04542 என்னும் குறியீட்டோடு ஓர் எண் திரையில் தெரிந்தால், மூஞ்சிக்கல்லிலோ ஏரிச்சாலையிலோ உள்ள ஓர் அலுவலகத்திலிருந்து யாரோ பேசுகிறார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பேசுகிறவர் கடல்கடந்த ஒரு நாட்டில் அமர்ந்திருக்கலாம்.

இது அரிதாக நடக்கும் வித்தை அன்று. இந்திய எண் போல வேடமிட்டு வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்க நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபர் 22 அன்று ஓர் ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தது. அது செயற்படத் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 1.35 கோடி அழைப்புகள் போலி என்று கண்டு தடுக்கப்பட்டன. இந்திய எண்ணைக் காட்டிக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்புகளில் அது 90 விழுக்காடு என்று அத்துறை அறிவித்தது. ஒரே நாளில் அவ்வளவு!

அந்த வாயில் அடைபட்டதும் வேறு வாயில்களைத் தேடினார்கள். நூற்றுக்கணக்கான சிம் அட்டைகளை ஒரே பெட்டியில் செருகி, வெளிநாட்டிலிருந்து இணையவழி வரும் அழைப்பை உள்ளூர்ச் செல்பேசி அழைப்பாக மாற்றிவிடும் 'சிம் பாக்ஸ்' அவற்றுள் ஒன்று. அப்போது திரையில் தெரிவது மெய்யான ஓர் இந்திய எண்ணே; பொய்யானது ஆள்தான். வாட்ஸ்அப்பிலோ எண்ணைக்கூட மாற்றத் தேவையில்லை. ஒரு மருத்துவரின் படத்தையோ மருத்துவமனையின் சின்னத்தையோ முகப்பில் ஒட்டிக்கொண்டால் போதும்.

வளர்ந்த நாடுகளும் இதில் தப்பவில்லை. அமெரிக்காவில் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் ஒவ்வோர் அழைப்புக்கும் மின்னணு முத்திரை இட்டு, எண் மெய்யானதா என்று சரிபார்க்க வேண்டும் என்னும் கட்டாயம் 2021 சூன் 30 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய வகை இணைப்புகளின் வழியே செல்லும் அழைப்பில் அம்முத்திரை உதிர்ந்துவிடுகிறது. அங்கும் தொல்லை ஓயவில்லை. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், அழைப்பவரின் அடையாளத்தைத் திரிப்பதற்கு மூன்றாண்டு வரை சிறையும் 50 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. சட்டம் கடுமையானதே. ஆயினும் குற்றவாளி யார், எங்கே என்று தெரிந்த பிறகுதான் சட்டம் தன் வேலையைத் தொடங்க முடியும்.

ட்ரங்க் கால் காலத்தில் இணைப்பகத்தில் இருந்தவர் முதலில் பேசி, இன்ன ஊரிலிருந்து அழைப்பு என்று சொல்லிவிட்டுத்தான் இணைப்பைக் கொடுப்பார். அழைப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு மனிதர் பொறுப்பேற்ற காலம் அது. மணிக்கணக்கில் காத்திருந்த அவதியை யாரும் மறக்கவில்லை; அதை மீண்டும் விரும்புவாரும் இல்லை. அந்த ஒரு நன்மையை மட்டும் இழந்துவிட்டோம்.

இவ்வளவையும் விளக்கியது அச்சமூட்டுவதற்காக அன்று. இதில் நமக்குச் சாதகமான ஓர் உண்மை இருக்கிறது. பொய் எண்ணைத் திரையில் காட்ட ஏமாற்றுவோரால் முடியும். ஆனால் அதே எண்ணுக்கு நாம் அழைத்தால், அந்த அழைப்பு அவர்களிடம் போகாது. எண்ணுக்கு உரியவரிடமே போய்ச் சேரும். எனவே, வந்த அழைப்பை முடித்துவிட்டு, நம்மிடம் முன்பே எழுதியிருக்கும் எண்ணுக்கு நாமே அழைப்பதுதான் வழி. மருத்துவமனை என்று சொன்னால் நோயாளிக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள். வங்கி என்று சொன்னால் ஏ.டி.எம். அட்டையின் பின்புறத்திலோ பாஸ்புத்தகத்திலோ உள்ள எண்ணுக்கு அழையுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று சொன்னால் அதன் கட்டணமில்லா எண் 1800 425 3993.

அழைத்தவரே "இந்த எண்ணில் கேட்டுப் பாருங்கள்" என்று ஓர் எண்ணைச் சொன்னால் அதற்கு அழைக்க வேண்டாம். இணையத்தில் 'வாடிக்கையாளர் சேவை' என்று தேடினால் முதலில் வரும் எண்ணும் நம்பத்தக்கதன்று. ஏமாற்றுவோர் அங்கும் தம் எண்களைப் பதிந்துவைக்கிறார்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடுவதும் வேண்டாம்.

சொல்வது எளிது, பேச்சை முறிப்பது கடினம் என்பதை நாங்கள் அறிவோம். பணிவாகப் பேசுகிறவரை இடைமறித்துத் தொலைபேசியை வைப்பதற்கு நம் மக்களுக்கு, சிறப்பாக முதியவர்களுக்கு, மனம் வருவதில்லை. "அம்மா, சாப்பிட்டீர்களா? ஐயாவுக்கு இப்போது சர்க்கரை எவ்வளவு இருக்கிறது?" என்று மகனைப் போல ஒருவர் கேட்டால், மகன் திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் ஒரு தாய்க்கு வைக்கத் தோன்றுமா? அதனால் ஒரே ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்: "நல்லது தம்பி, நானே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொள்கிறேன்." சொல்லிவிட்டு வைத்துவிடலாம். அதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. மெய்யாகவே மருத்துவமனையிலிருந்து அழைத்தவர் இதற்குச் சினம் கொள்ளமாட்டார். "வைக்காதீர்கள், வைத்தால் படுக்கை போய்விடும், காப்பீடு ரத்தாகிவிடும்" என்று ஒருவர் பதறவைத்தால், அப்பதற்றமே அவர் யார் என்பதைக் காட்டிவிடுகிறது.

நம் பெயர், வயது, நோய், உட்கொள்ளும் மாத்திரை ஆகியவற்றைச் சரியாகச் சொன்னார் என்பதால் அவர் மருத்துவமனையைச் சேர்ந்தவர் ஆகிவிடார். இவ்விவரங்கள் பல வழிகளில் வெளியே போகின்றன. நகலெடுக்கும் கடையில் பிழையாக விழுந்த நகலை விட்டுவிட்டு வருகிறோம். மருந்துச் சீட்டைப் படமெடுத்து முகமறியாத இருநூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் இடுகிறோம். இலவசச் சர்க்கரைப் பரிசோதனை முகாம் என்று எவரோ நீட்டிய தாளில் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொடுக்கிறோம். பிழை நகலைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுவது ஒரு நிமிட வேலை.

இரத்தம் வேண்டி இடும் செய்திகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது. அச்செய்தியில் நோயாளியின் பெயர், மருத்துவமனை, இரத்த வகை, உறவினரின் எண் எல்லாம் இருக்கும். அது பத்துக் குழுக்களுக்குப் பரவும். சற்று நேரத்தில் ஒருவர் அழைத்து, "நான் புறப்பட்டுவிட்டேன், வண்டிக்குப் பெட்ரோல் செலவுக்கு மட்டும் அனுப்புங்கள்" என்பார். இன்னொருவர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று விலையே சொல்வார். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஆக்சிசன் உருளைக்கும் ரெம்டெசிவிர் மருந்துக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்தவர்கள் இதே வழியில் வந்தவர்களே. பணத்துக்கு இரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 சனவரி முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. இரத்த வங்கி பரிசோதனைக்கும் பாதுகாப்புக்கும் உரிய கட்டணத்தைத் தன் கவுண்டரில் வாங்கிக்கொண்டு ரசீது தரும். கொடையாளர் எவரும் தொலைபேசியில் பணம் கேட்கமாட்டார். செய்தியில் உங்கள் எண்ணோடு இரத்த வங்கியின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். தேவை முடிந்ததும் அதை நீக்கிவிடுங்கள்.

எங்கள் தரப்பு உறுதியையும் இங்கே எழுதிவைக்கிறோம். இம்மருத்துவமனையிலிருந்து அழைப்பவர் தம் பெயரையும் பிரிவையும் முதலில் சொல்வார். ஓ.டி.பி., ஏ.டி.எம். எண், யு.பி.ஐ. கடவுஎண் ஆகியவற்றை ஒருபோதும் கேட்கமாட்டார். தொலைபேசி வழியே பணம் அனுப்பச் சொல்லமாட்டார். கட்டணம் எதுவாயினும் கவுண்டரில் ரசீதோடுதான். எந்த மருந்தையும், காப்பீட்டையும் எங்கள் ஊழியர் தொலைபேசியில் விற்பதில்லை. "நானே திரும்ப அழைக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், "அப்படியே செய்யுங்கள்" என்பதே அவருடைய மறுமொழியாக இருக்கும்.

இனி, போலியல்லாத விற்பனை அழைப்புகள். பதிவுபெற்ற நிறுவனங்களின் விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வரவேண்டும். வங்கி, காப்பீடு போன்ற நிதி நிறுவனங்கள் தம் வாடிக்கையாளரோடு கணக்குத் தொடர்பாகப் பேசுவதற்கு 1600 என்று தொடங்கும் வரிசை ஒதுக்கப்பட்டுள்ளது. வணிக வங்கிகள் 2026 சனவரி 1-க்குள் இவ்வரிசைக்கு மாறவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 நவம்பரில் ஆணையிட்டது. வங்கியிலிருந்து என்று சொல்லிப் பத்து இலக்கச் செல்பேசி எண்ணில் ஒருவர் அழைத்தால் ஐயுறுவதற்கு இது ஒரு நல்ல காரணம். ஆனால் 1600 என்று தெரிந்தாலும் ஓ.டி.பி.யைச் சொல்லிவிடலாகாது. மருத்துவமனைகளுக்கு இத்தகைய தனி வரிசை இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

விளம்பர அழைப்பே வேண்டாம் என்போர் 1909 என்னும் எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்யலாம். ஆங்கில எழுத்துகளில் 'ஸ்டார்ட்' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு 0 என்று சேர்த்து அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியும் பதிவு செய்யலாம். 0-க்குப் பதிலாக 4 என்று அனுப்பினால் உடல்நலம் தொடர்பான விளம்பரங்கள் மட்டும் நிறுத்தப்படும். இதனால் மருத்துவமனையின் முன்பதிவு நினைவூட்டலும் வங்கியின் ஓ.டி.பி.யும் நின்றுவிடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள், அவை நிற்பதில்லை. பதிவு செய்தபின்னும் தொல்லை தொடர்ந்தால், அழைப்பு வந்த ஏழு நாள்களுக்குள் 1909-இல் முறையிடலாம். சட்டத்தை மதிக்கும் நிறுவனத்தை இது நிறுத்தும். எண்ணை மாற்றி அழைப்பவன் இப்பட்டியலைப் பார்ப்பதே இல்லை. அவனிடமிருந்து இப்பதிவு காக்கும் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

போலி என்று ஐயுறும் அழைப்பை 'சஞ்சார் சாத்தி' செயலியில் உள்ள 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். என்ன சொன்னார்கள், எதைக் கேட்டார்கள் என்பதையும் எழுதுங்கள்; திரையில் தெரிந்த எண் மட்டும் போதாது. அந்த எண்ணுக்குத் திரும்ப அழைத்து வசைபாடுவதும் தகாது. அது பண்ணைக்காட்டிலோ பாச்சலூரிலோ உள்ள ஏதுமறியாத ஒருவரின் எண்ணாக இருக்கலாம். அதேபோல, "ஏன் எனக்கு அழைத்தீர்கள்?" என்று முகமறியாதவர்கள் உங்களிடம் சண்டைக்கு வந்தால், உங்கள் எண்ணை யாரோ வேடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். பொறுமையாக அதை எடுத்துச் சொல்லுங்கள், சக்ஷுவிலும் தெரிவியுங்கள்.

நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லி விற்கப்படும் மருந்துகளைப் பற்றி எங்களுக்குக் கடுமையான கருத்து உண்டு. சர்க்கரை நோய், புற்றுநோய், வலிப்பு, பக்கவாதம் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம் தடைசெய்கிறது. இதில் போகும் பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பொடி வந்துசேர்ந்ததும் இன்சுலினை நிறுத்திவிடுகிறார்கள். சில நாள்களில் வாந்தியும் மூச்சிரைப்பும் மயக்கமுமாக நோயாளியைத் தூக்கிக்கொண்டு வர நேர்கிறது. எப்பொடியை வாங்கியிருந்தாலும் அதன் உறையோடு மருத்துவரிடம் காட்டுங்கள்; அவர் சொல்லாமல் எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள். 'கடிந்துகொள்வார்களே' என்று மறைப்பதால்தான் எங்களுக்குச் சிகிச்சை கடினமாகிறது.

காப்பீட்டுக்கு ஒரு சொல். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எவருக்கும் பாலிசி விற்பதில்லை. போனஸ் தருவதாக எவரையும் அழைப்பதும் இல்லை. தொலைபேசியில் பேசிய பேச்சில் மயங்கி மெய்யான நிறுவனத்தின் பாலிசி ஒன்றை வாங்கிவிட்டிருந்தால், ஆவணம் கைக்கு வந்த 30 நாள்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிவிடும் உரிமை உங்களுக்கு உண்டு.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் அழைக்க வேண்டிய எண் 1930. நள்ளிரவாயினும் அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கிவைக்க முயல்வதற்காகவே அந்த ஏற்பாடு இருக்கிறது. ஒரு மணி நேரத் தாமதமும் பெரிதே. அடுத்து வங்கிக்குத் தெரிவித்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சூலை விதிப்படி, வாடிக்கையாளர் தாமே ஓ.டி.பி. போன்றவற்றைச் சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது. தெரிவித்தபின் ஏற்படும் இழப்பு வங்கியுடையது. எனவே, 'போனது போகட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று படுத்துவிடலாகாது. பிறகு திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட இணையக் குற்றப் பிரிவுக் காவல் நிலையத்திலும் முறையிடலாம்.

உடனிருந்து கவனிப்போருக்கு ஒரு வேண்டுகோள். ஏமாந்தது அம்மாவோ தாத்தாவோ ஆனால் அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர்களுக்குக் குடும்பத்தின் மீதுள்ள அன்பையும், நோயாளியின் மீதுள்ள கவலையையும் பிடித்துக்கொண்டுதான் ஏமாற்றுவோர் உள்ளே வந்திருக்கிறார்கள். இன்று திட்டு வாங்கியவர் அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டார். 1930-க்கு அழைக்க வேண்டிய அந்த ஒரு மணி நேரம் மௌனத்தில் கழிந்துவிடும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அவ்வதிர்ச்சியே தனி நோயாகிவிடுவதும் உண்டு.

வரவேற்பு மேசையில் ஓர் அட்டை வைத்திருக்கிறோம். மருத்துவமனையின் எண், 104, 108, 1909, 1930 ஆகியவை அதில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளன. வங்கிக் கிளையின் எண்ணையும், வெளியூரில் இருக்கும் மகன் அல்லது மகளின் எண்ணையும் எழுத இரண்டு வரிகள் வெற்றாக விடப்பட்டுள்ளன. கட்டணம் இல்லை. எழுத இயலாதவர்களுக்கு மேசையில் இருப்பவர் எழுதித் தருவார். செல்பேசி வைக்கும் அந்தச் சன்னலுக்குப் பக்கத்தில் அதை ஒட்டிவையுங்கள்.